வெளிநாட்டில் இருந்து இந்தியத் தளங்கள் திறக்கவில்லை, விபிஎன் வாங்கினால் போதுமா?

கேட்டவர் ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து சில மாதம் ஆகிறதாம். இந்திய அரசுத் தளங்கள் சில திறக்கவே மாட்டேன் என்கின்றன, ஊரில் பார்த்த தொடர்களும் வருவதில்லை, காசு கட்டி விபிஎன் வாங்கலாமா, எது நல்லது என்று கேட்டிருக்கிறார். நானும் ஜெர்மனியில்தான் இருக்கிறேன், பிழைப்பும் நெட்வொர்க் பக்கம்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் விபிஎன் செய்வது ஒரே ஒரு வேலை. உங்கள் போக்குவரத்தை வேறு ஊரில் இருக்கும் ஒரு சர்வர் வழியாக அனுப்பி, அந்த சர்வரின் ஐபி முகவரியைத் தளத்துக்குக் காட்டுகிறது. சித்தப்பா வீட்டு விலாசத்தைக் கொடுத்துத் தபால் வரவழைப்பது மாதிரி. தளம் விலாசத்தைப் பார்த்துத் தடுத்தால் அது உதவும். உங்கள் போன் நம்பரையோ, கார்டையோ, ஆப் ஸ்டோர் கணக்கின் நாட்டையோ பார்த்துத் தடுத்தால் எத்தனை யூரோ கட்டினாலும் பிரயோஜனம் இல்லை. என்னிடம் இதைக் கேட்கிற பலருக்கு உண்மையான சிக்கல் இந்த இரண்டாவது வகைதான்.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் பிரவுசர் கைவிரித்தால், அநேகமாக அந்தத் தளத்தின் ஃபயர்வால், அதாவது வாசல் காவல், உங்கள் கோரிக்கையைப் பதில்கூடச் சொல்லாமல் தூக்கிப் போடுகிறது. சர்வரே படுத்துக் கிடந்தாலும் இப்படித்தான் தெரியும் என்பதால், ஊரில் யாரையாவது கூப்பிட்டு "உனக்குத் திறக்குதா?" என்று கேட்டுவிடுங்கள். திரையில் 403 என்ற பிழை எண் வந்தால் சர்வர் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்கிறது. 451 என்றும் ஒரு எண் உண்டு, சட்டக் காரணத்தால் தர முடியாது என்பதற்கு. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று அமலுக்கு வந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், சிகாகோ ட்ரிப்யூன் போன்ற அமெரிக்கப் பத்திரிகைகளே ஐரோப்பிய வாசகர்களை வாசலோடு நிறுத்திவிட்டன. இவை எல்லாம் பெரும்பாலும் ஐபி தடை. இங்கே விபிஎன் வேலை செய்யும்.

இந்தியத் தளங்கள் இப்படி மூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பாதுகாப்பு. பயன்படுத்துகிறவர்கள் உள்நாட்டில், தாக்குகிறவர்கள் வெளிநாட்டில் என்று கணக்குப் போட்டு வெளிநாட்டு ஐபிகளை மொத்தமாக அடைத்துவிடுகிறார்கள். 2025 மே மாதம், இந்தியா பாகிஸ்தான் மோதல் நடந்த நாட்களில், தேசியப் பங்குச் சந்தையும் மும்பைப் பங்குச் சந்தையும் தங்கள் இணையதளங்களை வெளிநாட்டில் இருந்து பார்ப்பதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தன. அந்த நேரத்துக்கு அது நியாயம்தான். ஆனால் வரி கட்டவும் வில்லங்கச் சான்று எடுக்கவும் வெளியில் இருந்து வரும் நம்மை மாதிரி ஆட்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பக்கம் திறக்கிறது, லாகின் வருகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை என்றால் விபிஎன் கடைப்பக்கமே போகாதீர்கள். அது சிம் பிரச்சினை. ஊரில் இருந்து கிளம்பும் முன்பே இந்திய நம்பருக்கு ரோமிங்கைப் போட்டு, குறைந்தபட்ச ரீசார்ஜை விடாமல் செய்துகொண்டிருக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு நம்பரை முடக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இடம் கொடுக்கிறது. போன நம்பரைத் திரும்ப வாங்க நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும், அதற்குள் அது இன்னொருவர் கைக்கும் போயிருக்கலாம். ஆதாரில், வங்கியில், பிஎஃப் கணக்கில் எல்லாம் அதே நம்பர் இருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வருமான வரிக்கு மட்டும் ஒரு மாற்று வழி உண்டு. கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு, ஓடிபி வராவிட்டால் ஒப்புகைப் படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். கெடு 30 நாள். இந்தக் காலத்திலும் தபாலா என்று சிரிக்காதீர்கள், அது இன்னும் வேலை செய்கிறது.

சரி, ஐபி தடைதான் என்று உறுதியாகிவிட்டது. காசு கட்டி வாங்கும் விபிஎன்னில் இந்தியக் கொடி போட்ட சர்வரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்ததா? பாதி நேரம் முடியும். மீதிப் பாதி ஏன் முடியாது என்றால், அந்த சர்வர் அநேகமாக இந்தியாவிலேயே இல்லை.

2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுக்கப்பட்ட ஐபி எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. எதையும் பதிவு செய்ய மாட்டோம் என்று சொல்லியே வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது எப்படி ஒத்துவரும்? ஜூனில் எக்ஸ்பிரஸ்விபிஎன் முதலில் பெட்டியைக் கட்டியது, பிறகு சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், செப்டம்பரில் புரோட்டான் என்று வரிசையாகப் போய்விட்டார்கள். அதற்குப் பதிலாக, இந்திய ஐபி என்று பதிவான முகவரிகளை சிங்கப்பூர், லண்டன் போன்ற இடங்களில் இருக்கும் இயந்திரங்களில் வைத்துக் கொடுக்கிறார்கள். இது மோசடி இல்லை, அவர்களே வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் என் அத்தை மகன் அப்படி ஒரு 'இந்தியா' சர்வருக்குப் பிங் அடித்து (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து) எனக்குப் படம் அனுப்பினான். பதில் வந்தது 3 மில்லி செகண்டில். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், ஆக நேர்கோட்டில் கேபிள் போட்டால்கூடப் போய் வர 29 மில்லி செகண்டுக்குக் குறையாது. அவன் பேசிக்கொண்டிருந்தது பக்கத்துப் பேட்டையில் இருக்கும் ஏதோ ஒரு டேட்டா சென்டரோடு.

அதனால் என்ன, ஐபி இந்தியா என்று காட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஓர் ஐபி எந்த நாடு என்பதை நிர்ணயிப்பது மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் விற்கும் பட்டியல்தான். ஒரு பட்டியலில் மும்பை என்றிருப்பது இன்னொன்றில் சிங்கப்பூர் என்று இருக்கும். எல்லாம் தோராயம். அமெரிக்கா என்பதற்கு மேல் எதுவும் தெரியாத ஐபிகளுக்கெல்லாம் மேக்ஸ்மைண்ட் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் கொடுத்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் போய் விழ, இணையக் குற்றவாளி இங்கேதான் இருக்கிறான் என்று போலீஸ் உட்படப் பலர் வருடக்கணக்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 2016ல் செய்தி வெளிவந்த பிறகு புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள். இது தவிர, டேட்டா சென்டருக்குச் சொந்தமான ஐபி வரம்புகள் எவை என்பதும் தளங்களுக்குத் தெரியும். சாதாரண வீட்டு இணைப்பில் இருந்து வரவில்லை என்று கண்டாலே நாடு எதுவானாலும் சில தளங்கள் கதவைச் சாத்திவிடும்.

இலவச விபிஎன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேஸ்புக் 2013ல் வாங்கிய ஒனாவோ, பாதுகாப்பு தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு நீங்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள் என்று கணக்கெடுத்தது. அதற்காக 2023ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஹோலா என்ற இன்னொன்று தன் இலவசப் பயனாளிகளின் இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றது. வருமான வரித் தளத்துக்கு இவற்றின் வழியாகப் போவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

காசு கட்டிய விபிஎன்னிலும் ஜெர்மனியில் குறிப்பாக ஒரு தொல்லை உண்டு. இங்கே வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரியும் ஓடுகிறது. விபிஎன் ஆப் பழைய ஐபிவி4ஐ மட்டும் சுமந்துபோய், ஐபிவி6ஐ அப்படியே விட்டுவிட்டால், தளத்துக்கு உங்கள் ஜெர்மன் முகவரி பளிச்சென்று தெரியும். ஆப் பச்சை நிறத்தில் 'இணைக்கப்பட்டது' என்று காட்டிக்கொண்டே இருக்கும், தளமும் தடுத்துக்கொண்டே இருக்கும். அமைப்புகளில் ஐபிவி6 கசிவைத் தடுக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் ஐபிவி6ஐ அந்த நேரத்துக்கு அணைத்துவிடுங்கள்.

இப்போது நான் செய்வது. எந்த விபிஎன் நிறுவனத்துக்கும் நான் காசு கட்டுவதில்லை. திருநெல்வேலியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டு இணைப்பையே என் விபிஎன் ஆக்கிக்கொண்டேன். டெயில்ஸ்கேல் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம், உள்ளே ஓடுவது வயர்கார்ட் என்ற விபிஎன் முறை. ஊரில் ரவுட்டர் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். பழைய ஆண்ட்ராய்டு போன், ஆண்ட்ராய்டு டிவி பெட்டி, ஆப்பிள் டிவி எது இருந்தாலும் போதும். அதில் டெயில்ஸ்கேலைப் போட்டு, அதை 'எக்ஸிட் நோட்' ஆக, அதாவது உங்கள் போக்குவரத்து இணையத்துக்குள் வெளியேறும் வாசலாக அறிவித்து, நிர்வாகப் பக்கத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். அப்புறம் இங்கே என் லேப்டாப்பில் அந்த நோடைத் தேர்ந்தெடுத்தால், உலகத்துக்கு நான் நெல்லையில் உட்கார்ந்திருக்கிறேன். நிஜமான வீட்டு ஐபி, எந்தப் பட்டியலில் பார்த்தாலும் இந்தியா. ஊர்ப்பக்கம் பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடைக்காது, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றுதான். ரவுட்டரில் வெளியில் இருந்து உள்ளே வர ஒரு வழியை (போர்ட்) திறந்து வயர்கார்டை நாமே அமைக்கும் பழைய முறை அங்கே எடுபடாது. டெயில்ஸ்கேல் அதைச் சமாளித்துவிடும்.

ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் சாவியும் பொதுவாக 180 நாளில் காலாவதியாகும். அந்த ஒரு கருவிக்கு மட்டும் காலாவதியை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் சரியாக மார்ச் மாதம் அவசரத்துக்குத் தேடும்போது நோட் செத்துக் கிடக்கும், போனில் வழிநடத்தி அதை உயிர்ப்பிக்க வேண்டும். அப்பாவை வைத்து அந்த மாதிரி வேலை செய்வது தனி அனுபவம்.

"அப்பா, டிவிக்குப் பின்னால சின்னதா ஒரு பெட்டி இருக்குல்லா, அதுல லைட்டு எரியுதா?"

"எரியுதுய்யா."

"என்ன கலரு?"

"இப்ப எரியல. கரண்டு போயிட்டு."

இதற்கு மருந்து, ரவுட்டருக்கும் அந்தப் பெட்டிக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் லைன் கொடுப்பது. வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் வீட்டின் அப்லோடு வேகம்தான் இங்கே உங்களுக்கு டவுன்லோடு வேகம். ஃபைபர் என்றால் பிரச்சினை இல்லை, பழைய செம்புக் கம்பி இணைப்பு என்றால் படிவம் நிரப்பத்தான் ஆகும், படம் பார்க்க ஆகாது. அப்புறம், இதை நண்பர்களுக்குத் தானம் செய்யாதீர்கள். அந்த வழியாக யார் எதைச் செய்தாலும் இணைப்பு உங்கள் அப்பா பெயரில்தான் இருக்கிறது.

வங்கிக்கு நான் விபிஎன் போடுவதே இல்லை. என்ஆர்ஐ கணக்கு வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்து நுழைவது வங்கிக்கு எதிர்பார்த்த விஷயம்தான். காலையில் ஃபிராங்ஃபர்ட், மதியம் மும்பை, இரவு லண்டன் என்று குதித்தால்தான் சந்தேகம் வரும். நண்பர் ஒருவரின் கணக்கு அப்படித்தான் முடங்கியது, திறக்க ஊருக்கே போய்க் கிளையில் நின்றார். தளம் திறக்காமல் வேறு வழியே இல்லை என்றால் எப்போதும் அதே வீட்டு ஐபி வழியாகவே போங்கள்.

ஓடிடிக்கு வருவோம். அங்கே தடை பாதுகாப்புக்காக இல்லை. படத்தின் உரிமையை நாடு நாடாக விற்கிறார்கள், ஜெர்மனி உரிமை வேறு யாரிடமாவது இருக்கும், அல்லது யாருமே வாங்கியிருக்க மாட்டார்கள். நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியா உட்பட 130 நாடுகளில் புதிதாகக் கடை திறந்தது, அதே மாதம்தான் விபிஎன் வழியாக வருபவர்களைத் தடுக்கப் போவதாகவும் அறிவித்தது. அன்றில் இருந்து எலிக்கும் பூனைக்கும் ஓட்டம்தான். உங்கள் வீட்டு ஐபி வழியாகப் போனால் தொழில்நுட்ப ரீதியில் மாட்டுவது குறைவு, ஆனால் பல சேவைகளின் ஒப்பந்தப்படி அதுவும் மீறல், கணக்கை மூட அவர்களுக்கு உரிமை உண்டு. ஜெர்மனியிலேயே முறையாகக் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள், இப்போது தமிழ்ப் படங்கள் நிறையவே வருகின்றன. ஜெர்மனியில் எடுத்த சந்தாவை பிரான்சுக்கோ இத்தாலிக்கோ சுற்றுலா போகும்போது விபிஎன் இல்லாமலே பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அது சட்டப்படி உங்கள் உரிமை.

இதைப் படித்துவிட்டு வளைகுடாவில் இருப்பவர்கள் அப்படியே செய்ய வேண்டாம். ஜெர்மனியிலும் இந்தியாவிலும் விபிஎன் வைத்திருப்பது குற்றம் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் விபிஎன் மட்டும் தனியாகக் குற்றம் ஆகாது. ஆனால் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐபியை மாற்றினால் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அங்கே தடைசெய்த அழைப்பு ஆப்களைத் திறக்க விபிஎன் போடுவது இந்த வலைக்குள் வருமா வராதா என்று வாட்ஸப் குழுவில் கேட்காமல், அந்த ஊர் வக்கீலிடம் கேளுங்கள்.