நோட்டு முழுக்க 'மனிதன்'

அன்புள்ள மேடம்,

எனக்கு 51 வயது. அரசு அலுவலகம் ஒன்றில் 24 வருடமாக வேலை பார்க்கிறேன். கொஞ்ச நாளாக ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. எழுந்து உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுகிறேன். கதை, கவிதை எல்லாம் இல்லை. மனிதனைப் பற்றி, அரசாங்கத்தைப் பற்றி, ஒழுக்கத்தைப் பற்றித் தோன்றுவதை இரண்டு வரி, மூன்று வரியாக எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்குச் சில:

"அதிகாரம் மனிதனைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்டுப்போனவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்."

"மாட்டிக்கொள்ளவே மாட்டோம் என்று தெரிந்த இடத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறானோ, அதுதான் அவன் ஒழுக்கம். மற்றதெல்லாம் பயம்."

"நல்ல மனிதர்கள் இருக்கிற நாட்டில்தான் நல்ல அரசாங்கம் அமையும். அப்படி ஒரு நாடு எங்கேயும் கிடையாது."

இப்படி 140 பக்கம் ஓடிவிட்டது. முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. யாராவது நல்லது செய்தால் மனசு நிறையும். இப்போது 'இதில் இவனுக்கு என்ன லாபம்' என்றுதான் முதலில் தோன்றுகிறது. என் மகள் முதல்முறையாக ஓட்டுப் போடப்போகிறாள். "போட்டு என்னம்மா ஆகப்போகுது, மனுஷ ஜாதியே இப்படித்தான்" என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, "அந்த ஜாதியில நீங்களும் ஒருத்தர்தானேப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது.

இன்னொன்று. பெரிய விஷயமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் எங்கள் பிரிவில் ஒரு ஃபைலில் கணக்கு இடிக்கிறது என்று இளைஞர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முதல் நாள்தான் மாடிப்படியில் வைத்து, "நீங்க சொல்றது சரிதான் தம்பி" என்று நான் சொல்லியிருந்தேன். நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். மனித இயல்பே இவ்வளவுதானா, இல்லை எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதா?

- பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரருக்கு,

நாற்காலி வரி நன்றாக இருக்கிறது. மூன்றாவது வரியில்தான் எனக்குச் சண்டை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கேள்வி பழையது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் சீனாவில் மென்சியஸ் என்ற தத்துவ ஞானி, கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும், அந்தப் பதற்றத்தில் லாபக் கணக்கு இல்லை, ஆகவே மனித இயல்பு நல்லதுதான் என்றார். அவருக்கு அடுத்த தலைமுறையில் சுன்சி என்ற இன்னொரு ஞானி, இல்லவே இல்லை, இயல்பு கெட்டதுதான் என்று அடித்துச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அப்புறம் என்ன செய்வது என்று வரும்போது இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்: பழக வேண்டும், பயில வேண்டும். ஆகவே இயல்பு எது என்பதில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 'பெரிய விஷயமில்லை' என்று கடைசியில் ஒதுக்கி வைத்தீர்களே, அந்தப் பத்தியில்தான் மாடிப்படி இருக்கிறது, பேனா மூடி இருக்கிறது, 'தம்பி' இருக்கிறது. மேலே நோட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த வரிகளில் ஒரு முகம்கூட இல்லை. எல்லாவற்றிலும் 'மனிதன்'தான். 'நான்' எங்கே போனார்? மனித குலமே மோசம் என்று முடிவு கட்டிவிட்டால் அன்று பேசாமல் இருந்தது உங்கள் தவறாக இராது, இயற்கையின் தவறாகிவிடும். உங்கள் மனம் அந்த வழியைத் தேடிப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். இதை நீங்கள் தெரிந்தே செய்ததாகச் சொல்லவில்லை. வெட்கம் தாங்க முடியாத அளவுக்குப் போனால் நம்மில் பலர் இப்படித்தான் தத்துவம் பேச ஆரம்பிக்கிறோம்.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். சோதனைக்கு வந்தவர், பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் 15 வோல்ட் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதிர்ச்சி பொய், பக்கத்து அறைக்காரர் நடிப்பவர். ஸ்விட்சைத் தட்டுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். இதை வைத்துத்தான் உங்களைப் போன்றவர்கள் 'பார்த்தீர்களா' என்பார்கள். ஆனால் அந்த மனிதர்கள் கல்லாக உட்கார்ந்து தட்டவில்லை. பலருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, நாக்குக் குழறியது. நீங்கள் பேனா மூடியைக் கழற்றி மாட்டியதும் எனக்கு அந்த வகையாகத்தான் தெரிகிறது.

அதே சோதனையை மில்கிராம் மாற்றியும் செய்தார். இந்த முறை பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள் (அவர்களும் நடிப்பவர்கள்தான்). ஒருவர் பின் ஒருவராக 'என்னால் முடியாது' என்று விலகுவார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40-இல் 4 பேர் மட்டுமே. இவர்களும் அதே மாதிரியான சாதாரண மனிதர்கள்தான். மாறியது பக்கத்து நாற்காலி.

உங்கள் கூட்டத்தில் அந்தத் தம்பி முதல் ஆளாக எழுந்தார். இரண்டாவது ஆளைத்தான் தேடினார். இதைச் சொல்லும்போது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். வலிக்கட்டும், ஏற்கெனவே ராத்திரியெல்லாம் வலித்துக்கொண்டுதானே இருக்கிறது.

சரி, அந்த மூன்றாவது வரி. உங்கள் அலுவலகத்தில் ஒரு ஃபைல் ஏன் மூன்று மேசை தாண்டிப் போகிறது? கணக்குக்கு ஏன் தணிக்கை? எல்லாரும் நல்லவர்கள் என்று நம்பி யாரும் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1788-இல் எழுதிய ஜேம்ஸ் மேடிசனும், மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே வேண்டியிருக்காது என்றுதான் வாதாடினார். பலவீனமான மனிதர்களை வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டிய வண்டி அது. ஆனால் மூன்று மேசையில் ஒரு மேசையிலாவது யாராவது வாயைத் திறக்க வேண்டும். அன்று அவர் திறந்தார். அப்படி ஒருவரைக் கண்ணால் பார்த்த பிறகும் 'நல்ல மனிதர்கள் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்! உங்கள் நோட்டில் அவருக்கு ஒரு வரிகூட இல்லையா?

அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், 24 வருட அனுபவத்தில் இது கஷ்டமில்லை. அவரிடம் பேசுங்கள். "அன்னைக்கு நான் பேசியிருக்கணும், பேசலை, தப்பு என் மேலதான்." இவ்வளவு போதும். மேலதிகாரி எப்படிப்பட்டவர், குடும்ப நிலைமை, ஓய்வுபெற எத்தனை வருடம் பாக்கி, எதுவும் வேண்டாம். அதெல்லாம் உண்மையாகவே இருக்கும், ஆனால் அவர் காதில் அது சாக்காகத்தான் விழும். 'பரவாயில்லை சார்' என்று அவர் சொல்ல வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சொல்லாமலும் போகலாம், கோபப்படலாம், ஃபோனையே வைத்துவிடலாம். அது அவர் உரிமை. அந்த ஃபைலைப் பற்றி இப்போதும் ஏதாவது செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. விதிகள் தெரிந்த ஒருவரிடம் கலந்துகொண்டு நிதானமாக முடிவெடுங்கள்.

மகளுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. "ஆமாம்மா, நானும் ஒருத்தன்தான்" என்று ஆரம்பித்து, கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ஓட்டைப் பற்றி அவள் முடிவெடுத்துக்கொள்வாள்.

தூக்கமின்மையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பசி குறைவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, இருந்து என்ன பயன் என்று தோன்றுவது, இவற்றில் ஏதாவது இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். கடைசியாகச் சொன்னது ஒருநாள் தோன்றினாலும் உடனே போங்கள்.

நோட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். எழுத வருகிறது உங்களுக்கு. ஒரு மாதத்துக்கு மட்டும் 'மனிதன்' என்ற சொல் இல்லாமல் எழுதிப் பாருங்கள். யாரைச் சொல்கிறீர்களோ அவர் பெயரைப் போடுங்கள். முதல் பக்கத்தில் அந்தத் தம்பியின் பெயர் இருக்கட்டும்.