வாசகர் கேள்வி – பதில்: அபூர்வக் கார்கள் பிறந்த கதை

கேள்வி: என் தாய்மாமா 1980-களில் வாங்கிய பி.எம்.டபிள்யூ 745ஐ காரை இன்றும் போர்வை போர்த்திப் பாதுகாத்து வருகிறார். ஜெர்மனியில் விற்ற 745ஐ-க்கு வேறு இன்ஜின், இதற்கு வேறு இன்ஜின் என்று அவர் சொல்வதை வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. அது உண்மைதானா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: உங்கள் மாமா சொல்வது முற்றிலும் உண்மை, அம்மா. ஐரோப்பாவில் முதலில் வந்த 745ஐ-யில் 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினோடு, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் டர்போ என்ற கருவி சேர்க்கப்பட்டிருந்தது. டர்போ உள்ள இன்ஜினின் கொள்ளளவை 1.4 ஆல் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 4.5 லிட்டர் வரும். 745 என்ற எண்ணில் உள்ள 45 அப்படித்தான் பிறந்தது. ஆனால் அந்த டர்போ இன்ஜினின் வலப்பக்கத்தில் இருந்தது. நம் தென்னாப்பிரிக்கக் கார்களில் ஸ்டியரிங் தண்டு இறங்க வேண்டிய இடமும் அதுவே என்பதால், இரண்டுக்கும் அங்கே இடம் போதவில்லை.

பிரிட்டோரியாவை அடுத்த ரோஸ்லின் தொழிற்சாலை அதற்கு ஒரு துணிச்சலான வழியைக் கண்டது. எம்1 என்ற வேகக் காருக்காக உருவான இன்ஜினின் வழிவந்த, டர்போ இல்லாத, 24 வால்வு கொண்ட 3.5 லிட்டர் இன்ஜினை இந்தப் பெரிய சொகுசுக் காருக்குள் பொருத்தினார்கள். இப்படி 1980-களின் நடுவில் உருவானவை 209 கார்கள் மட்டுமே. பின்புறத்தில் பொறித்திருக்கும் எண் இரு நாட்டுக் கார்களிலும் ஒன்றாகவே இருப்பதால், அதைக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது. பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக அமைந்த ஆறு த்ராட்டில்களை (காற்று நுழைவதைக் கட்டுப்படுத்தும் அடைப்புகளை) எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்கும் ஐயம் இருக்காது.

இந்நாட்டின் அபூர்வக் கார்களில் பல இவ்வாறே ஏதோ ஒரு நெருக்கடிக்கு விடையாகப் பிறந்தவை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1973-இல் வந்த செவ்ரோலெட் கேன்-ஆம் காரும் அத்தகையதே. பந்தயத்தில் இறங்க வேண்டுமானால் 100 கார்களையாவது பொதுமக்களுக்காகக் கட்டியிருக்க வேண்டும் என்ற விதிக்காக, ஃபயரென்சா என்ற சிறிய காருக்குள் அமெரிக்க 5 லிட்டர் வி8 இன்ஜினை வைத்தார்கள்.

கேள்வி: முன்பக்கமே கதவாகத் திறக்கும் குட்டிக் கார் எந்த நாட்டுடையது?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: ஐசெட்டா என்ற அந்தக் கார் பி.எம்.டபிள்யூ பெயரால் புகழ் பெற்றாலும், பிறந்தது இத்தாலியில். குளிர்பதனப் பெட்டிகளும் ஸ்கூட்டர்களும் செய்துவந்த ஈசோ நிறுவனம் 1953-இல் அதை வெளியிட்டது. 1955 முதல் உரிமம் பெற்று ஜெர்மானியர் செய்தார்கள். கதவைத் திறக்கும்போது ஸ்டியரிங்கும் கூடவே விலகி வழிவிடும்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவிலேயே வடிவமைத்துக் கட்டிய விளையாட்டுக் கார் உண்டா? பழையது ஒன்று விலைக்கு வந்தால் வாங்கலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உண்டு. ஜி.எஸ்.எம். டார்ட் என்ற கார் 1958-இல் கேப் டவுனை அடுத்த பெல்வில்லில் உருவானது. பாப் வான் நீக்கர்க், வில்லி மெய்ஸ்னர் என்ற இருவரும் 1950-களில் இங்கிலாந்து சென்று கண்ணாடியிழைத் தொழிலைக் கற்றுத் திரும்பி அதைத் தொடங்கினார்கள். தகட்டை அழுத்தி உடல் செய்யும் இயந்திரங்களுக்குப் பெருமூலதனம் வேண்டும். கண்ணாடியிழைக்கோ ஓர் அச்சும், பொறுமையுள்ள கைகளும் போதும். அதனால்தான் சிறிய பட்டறை ஒன்றால் முழுக் காரையே உருவாக்க முடிந்தது. இன்ஜினுக்கு ஃபோர்டு ஆங்கிலியாவை நாடினார்கள். இதே கார் பின்னர் டெல்டா என்ற பெயரில் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்திலும் கட்டப்பட்டது என்பது இங்குள்ள ஒவ்வொருவரும் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி.

வாங்குவதாயின், பளபளக்கும் மேலுடலைக் கண்டு மட்டும் முடிவுசெய்ய வேண்டாம், ஐயா. கண்ணாடியிழை துருப்பிடிக்காது; அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். டர்பனைப் போன்ற கடலோர ஊரில் நெடுங்காலம் நின்ற காராக இருந்தால், அதைத் தூக்கி நிறுத்தி, சட்டத்தின் பற்றவைப்பு இணைப்புகளை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் சோதித்த பிறகே விலை பேசுங்கள்.