காலை எடுத்தால் தடுமாறும் ஐடிலிங்

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கிலுள்ள அண்ணனிடமிருந்து 1997ஆம் ஆண்டு டொயோட்டா டாஸ் 1.3 கார் சென்ற மாதம் என் கைக்கு வந்தது, கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கருவி) உள்ள வண்டி. அங்கே எந்தக் குறையும் இருந்ததில்லை என்கிறார் அண்ணன். இங்கே என்ஜின் சூடேறியதும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 600 சுற்றுக்கும் 1,100 சுற்றுக்கும் இடையே ஏறி இறங்குகிறது. சில வேளை அணைந்தே போகிறது. ஆனால் ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கும்போது ஒழுங்காக ஓடுகிறது. ஹேண்ட்பிரேக் போட்டுக் காலை எடுத்தால் மறுபடி தொடங்கிவிடுகிறது. பிளக் மாற்றி, கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாயிற்று. பிரேக் விஷயத்தைச் சொன்னால் மெக்கானிக்குகள் சிரிக்கிறார்கள்.

பதில்: அவர்கள் சிரித்த அந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது. உங்கள் கார்புரேட்டரை இனி யாரும் கழற்ற வேண்டாம். பிரேக் பூஸ்டரின் வழியாக என்ஜினுக்குள் காற்று கசிகிறது என்பதே என் கணிப்பு.

ஓட்டுநருக்கு நேர் முன்னால், என்ஜின் அறையின் பின்சுவரில், கறுப்பு நிறத்தில் சட்டிபோல உருண்டையாக இருப்பதே பூஸ்டர். என்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (கலவை என்ஜினுக்குள் போகும் குழாய்த் தொகுதி) ஒரு தடித்த குழாய் அதற்குப் போகிறது. என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டுதான் அது உங்கள் காலுக்குப் பலம் சேர்க்கிறது. உள்ளே ஒரு ரப்பர் திரை அதை முன்னறை, பின்னறை என இரண்டாகப் பிரிக்கிறது. பெடலை மிதிக்காதபோது இரு அறைகளும் ஒன்றோடொன்று திறந்திருக்கும், இரண்டிலும் வெற்றிடமே இருக்கும். மிதித்த கணம் அறைகளுக்கு இடையிலான வழி மூடப்பட்டு, வெளிக்காற்று பின்னறைக்குள் மட்டும் நுழைந்து திரையை முன்னே தள்ளும்.

இப்போது, அந்த வெளிக்காற்றை அடைத்து வைக்க வேண்டிய வால்வு தேய்ந்து சரியாக உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் மேலே இருக்கும் நேரமெல்லாம் காற்று பின்னறைக்குள் கசிந்து, அங்கிருந்து முன்னறைக்கும், குழாய் வழியே மேனிஃபோல்டுக்கும் போய்க்கொண்டே இருக்கும். மிதித்ததும் இடைவழி அடைபடுவதால் என்ஜின் அந்தக் கசிவிலிருந்து தப்பிவிடுகிறது. நீங்கள் ரோபோவில் கண்டது இதுதான். இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது என்ஜின் தடுமாறி, மிதித்திருக்கும் வரை சீறல் கேட்டுக்கொண்டே இருந்தால், ரப்பர் திரை கிழிந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான மெக்கானிக்குகள் பார்த்திருப்பது அந்த வகையைத்தான். பானட்டைத் திறந்து சோதிக்கும்போது உதவிக்கு உட்கார்ந்த பையன் பிரேக்கில் காலை வைத்திருந்தால் நோய் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இப்படி ஒரு வண்டியில் நானே இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன்.

ஏறி இறங்குவதற்குக் காரணம் இது: அளவுக்கு மீறிய காற்றால் காற்று-பெட்ரோல் கலவை மெலிந்து வேகம் விழுகிறது, வேகம் விழுந்தால் வெற்றிடம் குறைந்து கசிவும் குறைகிறது, கலவை தேறி வேகம் ஏறியதும் கசிவு மீண்டும் வலுக்கிறது.

அப்படியானால் அண்ணனிடம் ஏன் இந்தத் தொல்லை இல்லை? ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 83 கிலோபாஸ்கல், டர்பனில் 101. காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைப்பதில்லை என்பதால் கலவை இயல்பாகவே செழிப்பாக, அதாவது பெட்ரோல் மிகுந்து, இருக்கும். சிறு கசிவை அது விழுங்கிவிடும். மேலும், நல்ல என்ஜின் கடல்மட்டத்தில் ஐடிலிங்கின்போது 17 முதல் 21 அங்குலப் பாதரச வெற்றிடம் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஆகவே வழியிலுள்ள வேன் ரீனன் கணவாய் இறங்கி இங்கே வந்தபோது, அதே ஓட்டையை என்ஜின் இன்னும் பலமாக உறிஞ்சுகிறது, கலவையோ மெலிந்துவிட்டது. குளிர்ந்த என்ஜினில் சோக் பெட்ரோலைக் கூட்டுவதால் காலையில் மட்டும் குறை தெரியாமல் இருக்கும்.

சோதனைக்குச் செலவில்லை. என்ஜின் சூடாக ஐடிலிங்கில் இருக்க, விசிறியையும் வானொலியையும் அணைத்துவிட்டு, குனிந்து பெடலின் தண்டு சுவருக்குள் நுழையும் இடத்தில் காதை வையுங்கள். மெல்லிய சீறல் கேட்டு, பெடலைக் கையால் அழுத்தியதும் நின்றால் ஏறக்குறைய முடிவாயிற்று. டிஷ்யூ காகிதத்தின் நுனியை அங்கே பிடித்தால் உள்ளிழுக்கப்படுவதும் தெரியும். ஊதுவத்திப் புகை இன்னும் தெளிவாகக் காட்டும் என்று யாராவது சொல்வார்கள். பெட்ரோல் வண்டிக்கு அருகே நெருப்பு வேண்டாம்.

பிறகு, பூஸ்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயை, துணி சுற்றிய குறட்டால், பூஸ்டரை ஒட்டிய முனையில் நெருக்குங்கள். ஐடிலிங் நிலைத்தால் கசிவு பூஸ்டரில். அங்கே நெருக்கியும் மாற்றமின்றி, என்ஜினை ஒட்டிய முனையில் நெருக்கும்போது நிலைத்தால் குழாயோ அதிலுள்ள ஒருவழி வால்வோ கெட்டிருக்கிறது. இரண்டிலும் நிலைக்காவிட்டால் என் கணிப்பு தவறு; கார்புரேட்டரின் அடியிலுள்ள இன்சுலேட்டர் வெடித்திருக்கிறதா, சிறு வேக்குவம் குழாய்களில் ஏதேனும் பிளந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயை நெருக்கிய நிலையில் வண்டியை நகர்த்தவே கூடாது, பிரேக் கல்லாகிவிடும்.

பூஸ்டரைப் பிரித்துப் பழுதுபார்க்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஸ்கிராப்யார்டில் வாங்குவதானால் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் அளவு என்று உறுதிசெய்யுங்கள். கழற்றும்போது, பூஸ்டரின் முன்னால் பொருத்தியிருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் (பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் பகுதி) பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பிரேக் எண்ணெய் உள்ளே வடிந்து ரப்பரை அரித்திருக்கிறது, சிலிண்டரையும் கவனிக்காவிட்டால் புதிய பூஸ்டரும் அதே கதிக்கு ஆளாகும். பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் தள்ளுதண்டின் நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாமல் மாட்டினால் பிரேக் பிடித்தபடியே இருந்து சக்கரம் சூடேறும். மாட்டியபின், என்ஜினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்து, பெடலை அழுத்திய நிலையிலேயே என்ஜினை இயக்குங்கள்; பெடல் சற்றே கீழிறங்க வேண்டும்.

கடைசியாக, இரண்டு முறை கழுவியபோது நிச்சயமாக யாராவது கார்புரேட்டரின் கலவைத் திருகையும் ஐடில் திருகையும் திருப்பியிருப்பார்கள். என்ஜின் சூடான பின், விளக்குகளை அணைத்து, டர்பனிலேயே வைத்து அவற்றை மறுபடி அமையுங்கள். சுமார் 800இல் அமைதியாக நிற்க வேண்டும். அண்ணனைப் பார்க்க மேலே போகும்போது சற்றுச் செழிப்பாக ஓடி, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அதற்காக அங்கே யாரையும் திருகைத் தொட விடாதீர்கள்.