அவசர சிகிச்சைப் பிரிவும் ஃபுளூ கணக்கும்

கேள்வி: ஆய்வக முடிவுகள் வருவதற்கு முன்பே, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரை வைத்து ஃபுளூ பரவல் கூடியிருப்பதாகச் சில நாடுகளில் அறிவிக்கிறார்களே, அந்தக் கணக்கை நம்பலாமா?

பதில்: நோயாளி உள்ளே வந்ததும் ‘என்ன தொந்தரவு?’ என்று கேட்டு, ‘இரண்டு நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல்’ என்பது போல ஒரு வரியில் பதிந்துகொள்வார்கள். பெயர், முகவரி நீக்கப்பட்டு, வயதும் வசிக்கும் பகுதியும் மட்டும் சேர்க்கப்பட்ட அந்த வரி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சுகாதாரத் துறையின் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நியூயார்க் நகரம் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், கிருமி ஆயுதம் ஏவப்பட்டால் உடனே தெரிய வேண்டும் என்ற அச்சத்தில் இத்தகைய ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆனால் அது அதிகம் பயன்பட்டது என்னவோ, ஆண்டுதோறும் வரும் ஃபுளூவையும் வாந்திபேதியையும் கவனிக்கத்தான்.

காய்ச்சலோடு இருமலோ தொண்டை வலியோ இருந்தால் ‘ஃபுளூ போன்ற நோய்’ என்று கணினி வகைப்படுத்துகிறது. ‘போன்ற’ என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருப்பது கொரோனாவாகவும் இருக்கலாம். ‘காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும்’ என்று எழுதியிருந்தால், ‘இல்லை’யைப் புரிந்துகொள்ளாத நிரல் அவரையும் காய்ச்சல்காரராக்கிவிடும்!

எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது சதவீதம்தான். அனுப்பும் மருத்துவமனைகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பதால், மொத்த வருகையில் நூற்றுக்கு எத்தனை பேர் என்றே பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் 2020 மார்ச் 29 முதல் ஏப்ரல் 25 வரை, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட அவசர சிகிச்சைப் பிரிவு வருகைகள் 42 சதவீதம் குறைந்தன. 1,000 பேரில் 50 பேருக்குக் காய்ச்சல் என்றால் 5 சதவீதம். தொற்றுக்கு அஞ்சி மற்றவர்கள் வராமல் மொத்தம் 580 ஆகச் சுருங்கும்போது, அதே 50 பேர் 8.6 சதவீதமாகிவிடுகிறார்கள். ஒரு காய்ச்சல்கூடக் கூடாமலேயே வரைபடத்தில் கோடு மேலே ஏறிவிடும்.

ஆகவே, இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால், மொத்த வருகையும் சரியாமல் இருந்தால், பரவல் கூடுகிறது என்பதை நம்பலாம். எந்த வைரஸ் என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.