மழையில் மலைப்பாதை ஓட்டம்: வாட்டர்ப்ரூஃப் ஷூ வாங்கலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். வார இறுதிகளில் கோத்தகிரி அல்லது வால்பாறைப் பக்கம் போய்த் தேயிலைத் தோட்டப் பாதைகளில் 16 கி.மீ. வரை ஓடுவேன். வார நாட்களில் மூன்று நாள் அதே ஷூவோடு ரேஸ்கோர்ஸ் சாலையில் 5 கி.மீ. ஓடுவேன். ஜூன் பிறந்துவிட்டால் மலையில் ஷூ நனையாத நாளே இல்லை. போன வருடம் வாங்கிய, மலைப்பாதை ஓட்டத்துக்கான ட்ரெயில் ஷூ ஐந்தே மாதத்தில் சுண்டுவிரல் பக்கம் கிழிந்தது. முன்பக்கம் சோலும் வாயைப் பிளந்துவிட்டது. இந்த முறை கூடுதலாகச் செலவழித்தாலும் பரவாயில்லை, நான்கு மழைக்காலம் தாங்கும் வாட்டர்ப்ரூஃப் ஷூவாக வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். வாரத்துக்கு மலையில் 16, சாலையில் 15, ஆக 31 கி.மீ. ஐந்து மாதத்தில் அது 650 கி.மீட்டரைத் தாண்டும். ட்ரெயில் ஷூவின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரைதான். உங்கள் ஷூ அற்பாயுளில் போய்விடவில்லை; வாழ வேண்டியதை வாழ்ந்துவிட்டுத்தான் போயிருக்கிறது. நான்கு மழைக்காலம் தாங்கும் ஓட்ட ஷூ எந்த விலையிலும் கிடையாது. மேல்துணி தாங்கினாலும் நடுவில் இருக்கும் நுரை அமுங்கி அமுங்கி ஒரு கட்டத்தில் எழுந்திருக்கவே மாட்டேன் என்னும். அதன்பிறகு அதில் ஓடினால் சேதம் முழங்காலுக்குப் போகலாம்.

எனவே உங்களிடம் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நனையாமல் இருப்பது எப்படி, சீக்கிரம் கிழியாமல் இருப்பது எப்படி. இரண்டுக்கும் ஒரே ஷூ விடையாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். நம் மலைகளின் மழைக்காலத்தில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்பது என் அனுபவம்.

வாட்டர்ப்ரூஃப் ஷூ என்று விற்பவற்றில் பெரும்பாலானவற்றின் மேல்துணிக்கு அடியில் சாக்ஸ் வடிவத்தில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். இவற்றில் புகழ்பெற்றது கோர்டெக்ஸ். பெட்டியில் 'ஜிடிஎக்ஸ்' என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். 1969இல் பாப் கோர் என்ற அமெரிக்கர், நான்ஸ்டிக் தவாவில் பூசப்படும் அதே பொருளின் சூடான கம்பியை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது, அது அறுபடாமல் நுண்துளைகளோடு நீண்டது. அந்தத் துளை வழியாக நீர்த்துளி நுழையாது; வியர்வை ஆவி வெளியேறும். 'சுவாசிக்கும் சவ்வு' என்ற விளம்பரத்துக்கு அடிப்படை அதுதான். பொய்யில்லை. ஆனால் அது தானாகச் சுவாசிப்பதில்லை. உள்ளே இருக்கும் ஆவியழுத்தம் வெளியே இருப்பதைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவுதான் ஆவி வெளியேறும்.

இதையும் கணக்காகவே பார்க்கலாம். ஓடும் காலைச் சுற்றி 34 டிகிரி வெப்பமும் முழு ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 5 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் அழுத்த வேறுபாடு சுமார் 4.6 கிலோபாஸ்கல். வெளியே 22 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதத்தோடு மழை பெய்துகொண்டிருந்தால் அது 2.8ஆகக் குறைந்துவிடும். கோவையில் 25 டிகிரி மழையில் 2.3, ஏறக்குறைய பாதி. இது மேல்துணி காய்ந்திருக்கும்போது. அதன்மேல் பூசப்பட்ட நீர்விலக்கிப் பூச்சு சில மாதங்களில் சேற்றிலும் உரசலிலும் போய்விடும். பிறகு துணி தண்ணீரைக் குடித்து, சவ்வின் மேல் ஈரப்போர்வையாக ஒட்டிக்கொள்ளும். அப்போது வெளியிலிருந்து ஒரு சொட்டு நுழையாவிட்டாலும், உங்கள் வியர்வையே காலை ஊறவைத்துவிடும்.

இவ்வளவுக்கும் மேலே, கால் நுழைகிற பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறதே! என் முதல் வாட்டர்ப்ரூஃப் ஷூவைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு ஓடிய அன்று, தேயிலைக்கு நடுவே ஓர் ஓடை குறுக்கிட்டது. கணுக்கால் ஆழம் என்று நினைத்து இறங்கினேன்; முழங்கால் ஆழம். அடுத்த 14 கி.மீ. முழுவதும் சளக், சளக். தண்ணீரை உள்ளே விடாத சவ்வு, உள்ளே வந்த தண்ணீரை வெளியேயும் விடாது. ஒவ்வொரு காலிலும் ஒரு சொம்பைக் கட்டிக்கொண்டு ஓடியதுபோல் இருந்தது. வீடு திரும்பியபோது பாதம் வெளுத்துச் சுருங்கிக் குதிகாலில் தோல் உரிந்திருந்தது. ஓடையே குறுக்கிடாவிட்டாலும் நீண்ட மழையில் தண்ணீர் காலில் வழிந்து சாக்ஸ் வழியாக உள்ளே இறங்கிவிடும். வால்பாறைக்கு அருகில் உள்ள சின்னக்கல்லாற்றைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்கிறார்கள். அந்தப் பக்கம் ஓடுகிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் சதுப்பிலும் மழையிலும் மலையோட்டம் நடக்கிறது. அங்குள்ள சீத்வெய்ட் என்ற ஊரில் ஆண்டுக்கு 3,000 மி.மீட்டருக்கு மேல் மழை. அப்படிப்பட்ட இடத்தில் பழகிய ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் சவ்வில்லாத, மெல்லிய துணி ஷூவைத்தான் போடுகிறார்கள். கால் நனையத்தான் போகிறது, நனைந்த தண்ணீர் நான்கு எட்டில் வெளியேறினால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

இனி ஆயுள். சவ்வுள்ள ஷூவில் முதலில் போவது சவ்வுதான். விரல்கள் மடியும் இடத்தில் ஒவ்வோர் எட்டுக்கும் மடிந்து விரிந்து அது நைந்துபோகும். நுழைந்த மணல் அரைக்கும், வெட்டாத நகம் குத்தும். சோல் பாதிகூடத் தேயாதபோதே ஷூ வாட்டர்ப்ரூஃப் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். அதோடு, வலைத்துணியாலான சாதாரண மெஷ் ஷூ ஓர் இரவில் காய்கிற இடத்தில் சவ்வுள்ளது இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். அத்தனை நேரமும் ஈரத்தில் ஊறுவது சோலை ஒட்டியிருக்கும் பசையும்தான்.

கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. சுண்டுவிரல் பக்கம் லேசாக விட்டவுடன் மெஷ் ஷூவை ஒரு செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால், நைலான் நூலில் நாலு தையல் போட்டு இன்னும் 200 கி.மீ. ஓட வைத்துவிடுவார். சவ்வுள்ள ஷூவில் ஊசி இறங்கினால் ஒவ்வொரு தையலும் ஓர் ஓட்டை.

அப்படியென்றால் வாட்டர்ப்ரூஃப் ஷூ யாருக்கு? டிசம்பர், ஜனவரியில் உதகையில் விடியற்காலையில் புல்வெளியில் உறைபனி படிந்திருக்கும்போது ஓடுகிறவருக்கு. வெளியே குளிர், ஓடை இல்லை, மழை இல்லை, புல்நுனி ஈரம் மட்டும்தான். அங்கே சவ்வு தன் வேலையை அழகாகச் செய்யும். இமயமலைப் பக்கம் பனியில் நடக்கப்போகிறவருக்கும் அப்படியே. உங்கள் ஜூன், ஜூலைக்கு அது வேண்டாம். ஒரே மாடல் ஜிடிஎக்ஸ் வடிவத்திலும் சாதாரண வடிவத்திலும் விற்கப்படுவது வழக்கம், இரண்டாவதை வாங்குங்கள். விலையும் குறைவு, எடையும் குறைவு.

வாங்கும்போது மேல்துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று சுலபமாகப் போனால் தண்ணீரும் வெளியேறும். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தால் பார்க்கட்டும். பிறகு ஷூவை முன்பாதம் மடிகிற இடத்தில் கையால் மடித்து, மடிப்புக் கோட்டின் மேல் தையலோ ஒட்டுப்பட்டையின் விளிம்போ வருகிறதா என்று கவனியுங்கள். உங்களுடையது கிழிந்த இடம் இதுதான். அங்கே தையல் இல்லாமல் ஒரே துணியாக ஓடுவது நல்லது. விரல்நுனியைச் சுற்றிக் கெட்டியான ரப்பர் தடுப்பு இருக்க வேண்டும். அது சோலின் தொடர்ச்சியாகவே மேலேறி வந்திருந்தால் வாய் பிளப்பது தள்ளிப்போகும். நாக்குப் பகுதி இரு பக்கமும் ஷூவோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் சிறுகல்லும் மண்ணும் உள்ளே வராது. கணுக்காலைச் சுற்றி வரும், பஞ்சு வைத்துத் தடித்த கழுத்துப்பட்டை தொட்டால் சுகமாக இருக்கும். மழையில் அதுதான் தண்ணீர்த் தொட்டி.

சோலில்தான் பணம் செலவழிக்க வேண்டும். அடியில் இருக்கும் முளைகளை, டயர்க்காரர்கள் பாஷையில் பட்டன் என்றே சொல்லலாம். காய்ந்த கெட்டிப் பாதைக்கு 3 மி.மீ. ஆழப் பட்டன் போதும்; 6 மி.மீட்டருக்கு மேல் என்றால் முழுச் சேறு. தேயிலைத் தோட்டத்தின் செம்மண் சேறும், பாசி படிந்த பாறையும், நடுநடுவே சிமெண்ட் பாதையும் கலந்த உங்கள் ஓட்டத்துக்கு 4 முதல் 5 மி.மீ. சரி. பட்டன்களுக்கு இடையே இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு ஒரு கி.மீட்டரில் வழவழப்பான தட்டையாகிவிடும்.

பாசிப் பாறையில் வழுக்காமல் பிடிப்பது பட்டனின் ஆழம் அன்று, ரப்பரின் மென்மை. வைப்ரம் நிறுவனத்தின் மெகாகிரிப் ரப்பர் இதற்குப் பெயர் பெற்றது. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, பிடிப்புள்ள ரப்பர் சோலைச் செய்தே தீருவது என்று முனைந்து தொடங்கிய நிறுவனம் அது. ஹோக்கா நிறுவனத்தின் ஸ்பீட்கோட் ஷூவில் இந்த ரப்பர் வருகிறது. பட்டன் 5 மி.மீ. சேறுதான் அதிகம் என்றால் சாலமனின் ஸ்பீட்கிராஸைப் பார்க்கலாம். இரண்டிலும் சாதாரண வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பீட்கிராஸ் சற்றுக் குறுகலானது; அகலப் பாதம் உள்ளவர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மென்மையான ரப்பருக்கு ஒரே எமன் தார்ச்சாலை. ரேஸ்கோர்ஸ் சாலைக்கு இனி இந்த ஷூவைப் போடாதீர்கள். உங்கள் பழைய ஷூ ஓடிய தூரத்தில் கிட்டத்தட்டப் பாதி சாலையில் போயிருக்கிறது. சாலைக்கு விலை குறைந்த சாதாரண ஓட்ட ஷூ ஒன்று வாங்கிக்கொண்டால், மலை ஷூவுக்கு வாரம் 16 கி.மீ. மட்டும்தான், ஏறக்குறைய ஒரு வருடம்வரை உழைக்கும். நீங்கள் நான்கு மழைக்காலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் இந்த இரண்டு ஜோடியும் வந்துவிடும்.

அளவு பார்க்க மாலையில் போங்கள், அந்நேரம் கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். இறக்கத்தில் ஓடும்போது நகம் கறுக்காமல் இருப்பது அந்த இடத்தினால்தான். சாக்ஸ் பருத்தியாக இருக்கவே கூடாது. மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை. ஓடுவதற்கு முன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலைன் தடவிக்கொண்டால், நனைந்த கால் புண்ணாவது பெருமளவு குறையும். நான் வாட்டர்ப்ரூஃப் ஷூவிடம் எதிர்பார்த்ததை எனக்குச் செய்து கொடுத்தது அந்த வாசலைன் டப்பாதான்.

ஓடி முடித்ததும் சேற்றோடு காரின் டிக்கியில் போட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை எடுப்பவர்கள் பலர். வெயிலில் நிற்கும் காருக்குள் பசை இளகும். வாய் பிளப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அன்றே குழாயடியில் கழுவி, உள்அட்டையைத் தனியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை தாளை மாற்றினால் இன்னும் நல்லது. வாஷிங் மெஷின், அடுப்படி, ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். தள்ளுபடியில் இரண்டு ஜோடி வாங்கி ஒன்றை அலமாரியில் சேமித்து வைப்பதும் வேண்டாம். பாலியூரித்தேன் சோல்கள் காற்றின் ஈரத்தாலேயே சிதைகிறவை. சில வருடம் கழித்து எடுத்தால் மைசூர்பாகு மாதிரி உதிரும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வால்பாறை என்றதும் ரத்தம் உறிஞ்சும் அட்டை நினைவுக்கு வருகிறது. மெஷ் ஷூ என்றால் அட்டை புகுந்துவிடுமே என்று அஞ்சியே பலர் வாட்டர்ப்ரூஃப் பக்கம் போகிறார்கள். அட்டை பெரும்பாலும் ஷூவின் மேல் ஏறிக் கழுத்து வழியாகத்தான் உள்ளே போகிறது. சவ்வு அதைத் தடுக்காது. நெருக்கமான நெசவில் முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை கிடைக்கிறது. அதைச் சாக்ஸின் மேல் போட்டு, பிறகு ஷூவை மாட்டுங்கள். ஷூ வாங்கப் போகும்போது அதையும் எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். அந்தத் துணியின் தடிமனுக்கு அரை அளவு பெரிதாக வாங்க வேண்டியிருக்கலாம்.