முதுகுத்தண்டுக் கோளாறு: தள்ளாட்டத்தையும் இயலாமையையும் அளப்பது பற்றி

பிசியோதெரபிஸ்டாக முதுகு, கழுத்து நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

சார், கீழ் முதுகு வலிக்காகப் பத்துக் கேள்வித் தாள் ஒன்றை நிரப்பினேன். 44 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். பாதி ஊனமா?

இல்லை, பயப்படாதீர்கள். அது 1980இல் வெளியான ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோல். உட்காருவது, நிற்பது, தூங்குவது, பளு தூக்குவது என்று பத்துத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. நீங்கள் 50க்கு 22 வாங்கியிருக்கிறீர்கள். அதுதான் 44 சதவீதம்; 41 முதல் 60 சதவீதத்துக்குள் என்பதால் ‘கடுமையான இயலாமை’ வகை. ஊனச் சான்றிதழ் சதவீதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், தாம்பத்தியம் பற்றிய கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிட்டீர்களா? பலரும் விடுவார்கள். விட்டிருந்தால் 45ஆல்தான் வகுக்க வேண்டும். 44 அல்ல, 49 வரும்.

அப்பாவுக்குக் கழுத்தில் தண்டுவடம் அழுந்தியிருக்கிறது. வலி இல்லாததால் கேள்வித்தாளில் ஸ்கோர் குறைவு. ஆனால் முகம் கழுவும்போது தள்ளாடுகிறார்.

நல்ல கவனிப்பு. கழுத்துக்கான வழக்கமான கேள்வித்தாளில் சமநிலை பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. வலி, வாசிப்பு, தலைவலி, தூக்கம் என்றுதான் போகும்.

முகம் கழுவும்போது கண்ணை மூடுகிறோம், இல்லையா? பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குச் சரியாகப் போகாதபோது, கண்தான் ஈடுகட்டும். மூடினால் ஆட்டம் தெரியும். ராம்பெர்க் சோதனையும் இதேதான்: பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்து, முதலில் கண் திறந்து, பிறகு மூடி. ஆள் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள்.

இந்த நோய்க்கென்றே கை, கால், உணர்ச்சி, சிறுநீர் நான்கையும் பார்க்கும் 18 மதிப்பெண் அளவுகோல் உண்டு. அதில் அதிகம் வாங்கினால் நல்லது, ஆஸ்வெஸ்ட்ரிக்கு நேர் எதிர். சட்டைப் பட்டன் போடவும் தடுமாறுகிறார் என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

எழுந்து நடந்து திரும்பும் சோதனையில் எனக்கு 15 நொடி. விழுந்துவிடுவேனா?

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். முதியவர்களுக்கு 12 நொடி தாண்டினாலே விழும் அபாயம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் முதுகு பிடித்துக்கொண்டவர் எழுவதற்கே 4 நொடி எடுப்பார். அது வலி, தள்ளாட்டம் அல்ல. நான் கடிகாரத்தைவிடத் திரும்பும் இடத்தைத்தான் பார்ப்பேன். இரண்டு மூன்று காலடியில் திரும்புகிறாரா, பொடிக் காலடியாக வைத்துச் சுற்றுகிறாரா என்று.

வயது 38. பெர்க் சோதனையில் 56க்கு 56. ஆனாலும் படியில் தடுமாறுகிறேன் மேடம்.

(சார்தான்!) பெர்க் என்பது சமநிலையை அளக்கும் சோதனை, முதியவர்களை மனதில் வைத்து உருவானது. உங்கள் வயதுக்கு எளிது, முழு மதிப்பெண் வந்துவிடும். ஒற்றைக் காலில் அதில் கேட்பதைவிட அதிக நேரம் நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் ‘சமநிலை 7 செ.மீ. முன்னே’ என்கிறார்கள்.

கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டதுபோல ஒரு கோடு போட்டு அளப்பது அது. 5 செ.மீ.க்கு மேல் என்றால் உடல் முன்னால் சாய்ந்திருக்கிறது. தண்டின் அமைப்பைச் சொல்லும். தள்ளாடுவீர்களா என்பதை எழுந்து நடந்தால்தான் சொல்ல முடியும்.

சிகிச்சைக்குப் பின் ஆஸ்வெஸ்ட்ரி 44இலிருந்து 40. குணமா?

இரண்டு கேள்வியில் ஒவ்வொரு படி இறங்கினாலே 4 குறைந்துவிடும். சுமார் 10 குறைந்தால்தான் மாற்றம் என்று நம்புவேன்.