எம்.பி.ஏ. துறையிலிருந்து அழைப்பு: அடுப்பை அணைத்துவிட்டுப் போகலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் செட்டிநாட்டுப் பலகாரம் செய்து விற்கிறேன். சீடை, தேன்குழல், மாவுருண்டை, மணகோலம். என்னோடு ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறைப் பேராசிரியை ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அடுத்த இரண்டு மாத நிகழ்ச்சிகளின் போஸ்டர்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். சிறப்புச் சொற்பொழிவு, தொழில்முனைவோர் சந்திப்பு, மாணவர்களின் மேனேஜ்மென்ட் விழா, கிராம முகாம் என்று வரிசையாக இருக்கிறது. "நீங்களும் வாங்கக்கா, பசங்ககிட்ட பேசுங்க" என்கிறார். இதற்கு நடுவே மாணவர்கள் வந்து விழாவுக்கு 15,000 ரூபாய் ஸ்பான்சர் கேட்டார்கள். "சி.எஸ்.ஆர். மாதிரி நினைச்சுக்கங்க" என்றார்கள். நான் பத்தாவது வரைதான் படித்தேன். ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனால் எனக்கு என்ன கிடைக்கும்?

பதில்: போங்கள். ஆனால் நான்குக்கும் போக வேண்டாம். சில வருடங்கள் ஒரு மேலாண்மைத் துறையில் தொழில் தொடர்பு வேலையைப் பார்த்தவன் நான். இப்படிப் போஸ்டர் அடித்து ஆள் பிடித்த அனுபவம் எனக்கும் உண்டு. அதனால் அந்தப் பக்கத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இத்தனை நிகழ்ச்சிகள் ஏன் நடக்கின்றன? மாணவர் நலன் ஒரு காரணம், மறுக்கவில்லை. இன்னொரு காரணம் நாக். கல்லூரிகளுக்குத் தரம் போடும் அமைப்பு அது. அதன் மதிப்பீட்டில் ஆராய்ச்சி, புத்தாக்கம், சமூகப் பணி எல்லாம் சேர்ந்து ஒரு தனித் தலைப்பு. போதாததற்கு, 2018-இல் மத்தியக் கல்வித் துறை கொண்டுவந்த புத்தாக்கக் கவுன்சில் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு வருடம் முழுக்க ஒரு நிகழ்ச்சி அட்டவணையே இருக்கிறது. நடத்தியதற்குப் படம் வேண்டும், அறிக்கை வேண்டும். அந்தப் படத்தில் உள்ளூரில் உண்மையாகவே தொழில் செய்கிற ஒருவர் இருந்தால் துறைக்கு நல்லது. ஆக, நீங்கள் அங்கே தயவு கேட்டுப் போகவில்லை. அவர்களுக்கும் நீங்கள் தேவை. அந்தத் தெம்போடு போங்கள்.

சிறப்புச் சொற்பொழிவை விட்டுவிடலாம். பெரும்பாலும் பெரிய கம்பெனியின் மனிதவள அதிகாரி வந்து தலைமைப் பண்பு பற்றிப் பேசுவார். பொன்னாடை, நினைவுப் பரிசு, நாட்டுப்பண். உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. பேக்கேஜிங், ஏற்றுமதி, உணவுப் பாதுகாப்பு என்று தலைப்பு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தொழில்முனைவோர் சந்திப்புக்குக் கட்டாயம் போங்கள். இதற்கு வழக்கமாக மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஒருவரையும் வங்கியிலிருந்து ஒருவரையும் அழைப்பார்கள். அலுவலகத்தில் பிடிக்க முடியாத ஆள் அங்கே கையில் வடையும் டீயுமாக நிற்பார். அந்தக் கால் மணி நேரம்தான் முக்கியம். ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "லோன் கிடைக்குமா சார்?" என்று கேட்டால் "ஆபீசுக்கு வாங்கம்மா" என்பார், அதோடு முடிந்தது. "ஒரு முறுக்கு மிஷினும் பேக்கிங் மிஷினும் வாங்கணும், கொட்டேஷன் வாங்கி வெச்சிருக்கேன், எந்தத் திட்டத்துல மானியம் வரும்?" என்று கேட்டால் அவரும் நின்று பதில் சொல்வார். உத்யம் பதிவு, அதாவது சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இல்லையென்றால் போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். அரசு இணையதளத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது. போட்டுத் தருகிறேன் என்று யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்தது அந்த 15,000. சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு, என்பது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் இருக்கிற கம்பெனிகள், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆறு பேரோடு பலகாரம் சுடுகிற உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரிய கம்பெனிக்கே கூட, தன் பொருளுக்கு விளம்பரம் தேடிக் கொடுக்கிற ஸ்பான்சர் பணம் சி.எஸ்.ஆர். கணக்கில் வராது, விதியிலேயே அப்படி இருக்கிறது. மாணவர்கள் பொய் சொல்லவில்லை, பாவம், அவர்களுக்கும் தெரிந்திருக்காது. பிளெக்ஸில் உங்கள் பெயர் வருவது வெறும் விளம்பரம். 15,000 ரூபாய்க்கு அது தகுமா என்று மட்டும் பாருங்கள். என் கணிப்பில் தகாது. இருபது பெயர்களுக்கு நடுவில் கீழ் மூலையில் உங்கள் பெயர் இருக்கும். எவ்வளவு கொடுத்தாலும் நிறுவனத்தின் கணக்குக்கே கொடுங்கள், ரசீது வாங்குங்கள். ஒரு மாணவரின் ஜிபே நம்பருக்கு அனுப்ப வேண்டாம்.

பணத்துக்குப் பதிலாக விழாவில் ஒரு ஸ்டால் கேளுங்கள். பல ஊர்க் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு அரைக் கிலோ பாக்கெட் வேண்டாம், இருபது ரூபாய் பாக்கெட் போடுங்கள். உங்கள் ஆட்களில் நன்றாகப் பேசுகிற ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். எதைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள்? மணகோலத்தைப் பார்த்து "இது என்ன?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? அன்றைக்கு வருகிற கல்லாவைவிட இந்தப் பதில்களுக்கு மதிப்பு அதிகம்.

சரி, இனி போஸ்டரில் இல்லாத விஷயம். அந்தத் துறையிடமிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய உதவி மாணவர் புராஜெக்ட். எம்.பி.ஏ. முதலாண்டு முடித்தவர்கள் கோடை விடுமுறையில் சில வாரங்கள் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுப்பார்கள், பெரும்பாலும் மே, ஜூனில். அதற்கான இடம் தேடல் ஜனவரி, பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். ஏப்ரலில் போய்க் கேட்டால் நல்ல பிள்ளைகள் எல்லாம் போயிருப்பார்கள். கடைசி செமஸ்டரிலும் ஒரு புராஜெக்ட் உண்டு. இந்தக் காலக் கணக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை, அதனால்தான் சின்ன நிறுவனங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த செக்கு எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் முதல் வருடம் "விற்பனையைக் கூட்டுவது எப்படி?" என்று கேட்டார். கறுப்பு அட்டை, தங்க எழுத்து, எண்பது பக்க அறிக்கை வந்தது. நாற்பது கேள்வி வைத்த கூகுள் படிவத்தை ஹாஸ்டல் நண்பர்களே நிரப்பியிருந்தார்கள். ஹாஸ்டலில் யார் எண்ணெய் வாங்குகிறார்கள்? அவர் கடுப்பாகி என்னிடம் வந்தார். அடுத்த வருடம் கேள்வியை மாற்றினோம்: "கடைக்கு வந்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் ஏன் போகிறார்கள்?" இரண்டு மாணவர்கள் மூன்று வாரம், காலை ஏழிலிருந்து பத்து மணி வரை, கல்லாவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் கேட்டதையும் கோடு போட்டுக் குறித்தார்கள். திரும்பிப் போனவர்களில் பெரும்பாலானோர் கேட்டது கால் லிட்டர் நல்லெண்ணெய். கடையில் இருந்ததோ ஒரு லிட்டர் பாட்டில் மட்டும். அவர் கால் லிட்டர் போட ஆரம்பித்தார். அவ்வளவுதான் கதை. அந்த அறிக்கை நாலே பக்கம்.

உங்களுக்கும் அப்படி ஒரு கேள்வி வேண்டும். கல்யாண ஆர்டர் இல்லாத மார்கழியில் எதை விற்பது? கூரியரில் அனுப்பும் தேன்குழலில் எவ்வளவு உடைகிறது, எந்த டப்பாவில் குறைவாக உடைகிறது? எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கிற கேள்வியாக இருக்கட்டும். வருகிற மாணவரிடம் விற்ற அளவு, திரும்பி வந்த சரக்கு, செலவுக் கணக்கு கொடுக்கலாம். பக்குவமும் வாடிக்கையாளர் போன் நம்பர்களும் வேண்டாம். அறிக்கை கல்லூரி நூலகத்தில் போய் உட்காரும் என்பதால், எதை வெளியிடலாம் என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். கடைசியில் தமிழில் இரண்டு பக்கம் உங்களுக்கென்று தனியாக வேண்டும் என்றும் சொல்லுங்கள். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்தால் பிள்ளைகள் ஒழுங்காக வருவார்கள்.

கிராம முகாம் பெரும்பாலும் நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் நடப்பது. அதில் சேர்ந்த மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. மரம் நடுவார்கள், கோயில் குளத்தைச் சுத்தம் செய்வார்கள். குஜராத் ஆனந்தில் 1979-இல் வர்கீஸ் குரியன் தொடங்கிய இர்மா என்ற ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில், மாணவர்கள் கிராமத்தில் தங்கி அங்குள்ள பிழைப்பைப் படிப்பது பாடத்திலேயே ஒரு பகுதி. நம் பக்கத்து முகாம்களில் அது அபூர்வம். உங்களிடம் வேலை பார்க்கும் பெண்களின் ஊரில் முகாம் என்றால் ஒரு மாலை போய் வாருங்கள். இலவசமாகப் பலகாரம் கேட்பார்கள், முதல் நாள் ஒரு டின் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஏழு நாளும் நீங்கள்தான் சமையல்.

பத்தாவது படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பேச அழைத்தால் வாழ்க்கைக் கதை சொல்ல வேண்டாம், அதை எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு கிலோ தேன்குழலின் அடக்க விலையைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். அரிசி, உளுந்து, எண்ணெய், சிலிண்டர், கூலி, டப்பா. முடித்ததும் "எதை விட்டுட்டேன்?" என்று கேளுங்கள். உடைசல் என்று ஒரு பிள்ளையும் சொல்லாது. சூடு ஆறிய எண்ணெயைத் திரும்ப எத்தனை ஈடு போடலாம் என்பதும் அவர்கள் பாடத்தில் இல்லை. போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று கூச்சப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள்.

பேராசிரியைக்கு இன்றைக்கே இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: "மேடம், தொழில்முனைவோர் சந்திப்புக்கு வர்றேன். ஸ்பான்சர் இப்போ முடியாது, விழாவுல ஒரு ஸ்டால் கிடைச்சா போடுறேன். கோடைல ரெண்டு பிள்ளைங்களை அனுப்ப முடியுமா? கூரியர்ல தேன்குழல் உடையாம போக எந்த டப்பா சரின்னு எண்ணிப் பார்த்துச் சொல்லணும். அவங்களுக்கு மதியச் சாப்பாடு என் பொறுப்பு."